நாலு வருஷ வாக்கி-டாக்கியும் ஒரு பாழாய்ப்போன பட்டனும்

பட்டர்வொர்த் நண்பன் நேற்று கேட்டான், "மச்சான், உன்கிட்ட இருக்கிற அந்த 5 வாட் செட்டை நானும் வாங்கலாமா?" கேட்ட நேரம் சரியில்லை. மூன்றாவது தடவையாக அதைப் பிரித்துத் துடைத்து மாட்டி அப்போதுதான் நிமிர்ந்திருந்தேன்.

எல்லாம் அந்தப் பிடிடி பட்டன், அதாவது பேசும்போது அழுத்திப் பிடிக்கிற பட்டன். ரப்பருக்குள் வியர்வையும் தூசும் இறங்கி, அழுத்தினால் அழுத்தியபடியே நின்றுவிடுகிறது. லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் அமெச்சூர் ரேடியோவில் இது சின்னக் கோளாறு இல்லை. ஒரே அலைவரிசையில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்கத்தான் முடியும், ஆக என் பட்டன் சிக்கினால் அத்தனை பேர் வாயும் அடைபடும். போன மாதம், எல்லோரும் வரிசையாக வந்து பெயர் கொடுக்கும் வாராந்திர நெட் கூட்டத்தின் நடுவே நடந்தது அதுதான். செட் சட்டைப்பையில், நான் சமையலறையில், மீன் குழம்பில் புளி தூக்கலா இல்லையா என்று மனைவியோடு நடந்த வழக்கு முழுவதும் காற்றில் போயிருக்கிறது. எங்கள் பேச்சை வாங்கித் தூரத்துக்கு மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் நிலையம் தன் நேரம் முடிந்ததும் என்னை அறுத்துவிட்டது, ஆனால் ரிப்பீட்டருக்குப் போகும் அலைவரிசையை நான் மறித்துக்கொண்டிருந்ததால் வேறு யாராலும் நுழைய முடியவில்லை. நெட் நடத்திய அண்ணன் அப்புறம் போன் போட்டு, "தம்பி, புளியைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்றார்.

நியாயமாகப் பார்த்தால் பாதித் தப்பு என் மேல். தொடர்ந்து பேசினால் தானாக நிறுத்தும் டிஓடி மெனுவில் 60 விநாடி என்றுதான் இருந்தது. பேச்சு பாதியில் அறுபடுகிறதே என்று 600க்கு ஏற்றிய மகான் நானேதான்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் நான் இதில் இறங்கியதே 2017 நவம்பர் 4 ராத்திரியால். அந்தக் காற்றிலும் மழையிலும் பினாங்கு மூழ்கியபோது எங்கள் பக்கம் கரண்ட் இல்லை, கைப்பேசியில் சார்ஜ் இல்லை, ஆயர் ஈத்தாமில் இருந்த பெரியம்மா மாடிக்கு ஏறினாரா என்று தெரியாமல் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். அப்படி ஒரு ராத்திரியில் யாரோ படகு கேட்கும் நேரத்தில் என் பையிலிருந்து புளிக்குழம்பு ஒலிபரப்பானால்?

மற்றபடி குறை சொல்ல மனம் வரவில்லை. இரண்டு தடவை கீழே போட்டும் உயிரோடு இருக்கிறது. தீவின் மறுபக்கம் பாலிக் புலாவ் போனால் நடுவில் மலை மறைத்து நேரடியாக எட்டாது, அதற்குச் செட் என்ன செய்யும். உயரத்தில் இருக்கும் ரிப்பீட்டர் பிடித்துவிட்டால் பக்கத்து வீட்டுத் திண்ணையில் பேசுவதுபோல் கேட்கும், அந்தச் சுகம் எந்த வாட்ஸாப் குழுவிலும் இல்லை. சார்ஜரைப் பற்றி மட்டும் ஒரு வரி: சுவரில் சொருகினால்தான் ஏறும், கரண்ட் இல்லாத நாளுக்கென்று வாங்கிய சாமானில்!

நண்பனுக்குச் சொன்ன பதில்: வாங்காதே. முதலில் பரீட்சை எழுதி லைசென்ஸும், 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறியும் (காற்றில் நம் பெயர் அதுதான்) வாங்கு, லைசென்ஸ் இல்லாமல் அந்தப் பட்டனைத் தொடுவதே குற்றம். அதற்குள் என் கோபமும் ஆறியிருக்கும், அப்போது மறுபடி கேள்.