ஆண் எறும்ப பாத்து இனம் பிரிக்க இந்த ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் போதுமா?

7ல இருந்து 45 மடங்கு வரைக்கும் ஜூம் ஆகுற சாதாரண ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் தான், ஆனா நான் வாங்குனது ஒரே ஒரு வேலைக்கு. அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் பக்கம் இருக்கவங்களுக்கு தெரியும், ஏசி பாக்ஸுக்குள்ளலாம் கும்பல் கும்பலா பூந்து ஷார்ட் சர்க்யூட் பண்ணி வைக்குமே செவப்பு கலந்த பழுப்பு எறும்பு, அது 2002ல இங்க கண்ணுல பட்டுச்சு, ஆனா என்ன இனம்னு உறுதியா சொல்ல 2012 ஆயிடுச்சு. ஏன்னா வேலைக்கார எறும்ப மட்டும் வெச்சு அது நைலாண்டீரியா ஃபுல்வாங்குற இனமா, நைலாண்டீரியா பியூபென்ஸ்ங்குற இனமான்னு சொல்றது கிட்டத்தட்ட முடியாத காரியம், ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு. கண்ணுக்கு தெரியுற வித்தியாசம் ஆண் எறும்போட பிறப்புறுப்புல தான் இருக்கு. வயித்து நுனில ரெண்டு பக்கமும் நீட்டிட்டு இருக்கும் பாருங்க பாராமியர், பியூபென்ஸ்க்கு அதுல நீள நீளமா அடர்த்தியா முடி, ஃபுல்வாக்கு கம்மி.

எறும்பே 2, 3 மில்லிமீட்டர் தான், அதனால 45 மடங்குல முடி இருக்குன்னு தெரியும், அடர்த்தி சரியா புரியாது. உருவத்த இன்னும் 2 மடங்கு பெருசாக்குற பார்லோ லென்ஸ் தனியா வாங்கி முன்னாடி மாட்டுங்க, கண்டிப்பா வேணும். என்ன, லென்ஸுக்கும் எறும்புக்கும் நடுவுல இருந்த 10 செ.மீ. இடைவெளி சுமார் 3 செ.மீ.யா சுருங்கிடும், இடுக்கிய சாய்ச்சு தான் உள்ள விட முடியும்.

கூட வர்ற ரிங் லைட் இந்த வேலைக்கு சுத்தமா ஆகாது. ஒடம்பு பளபளன்னு அடிச்சு முடியே காணாம போயிடுது. அத ஆஃப் பண்ணிட்டு பக்கவாட்டுல ஒரு லைட்டு, குறுக்க ட்ரேசிங் பேப்பர், அவ்ளோ தான், ஒவ்வொரு முடியும் தனித்தனியா எழுந்து நிக்குது, அப்படி ஒரு அழகு! எறும்ப காய விட்றாதீங்க, முடியெல்லாம் ஒட்டிக்கும். குட்டி டிஷ்ல கொஞ்சம் ஹேண்ட் சானிடைசர் ஜெல், அதுல எறும்ப பின்பக்கம் மேல வர்ற மாதிரி உக்கார வெச்சு மேல எத்தனால் ஊத்துனா ஆடாம நிக்கும்.

ஃபோகஸ் தானா கீழ இறங்குது, குமிழ் பக்கத்துல இருக்குற டென்ஷன் ரிங்க டைட் பண்ணா சரியாயிடும், ஆனா மேனுவல்ல இத பத்தி ஒரு வரி கூட இல்ல, இது தப்பு.

டெட்ராமோரியம், ஏனிக்டஸ் மாதிரி வேற எறும்பு வகைகள்ல பிறப்புறுப்புக்கு உள்ள இருக்குற பாகத்தையும் பிரிச்சு பாக்க போறீங்கன்னா இது மட்டும் பத்தாது, ஸ்லைடு போட்டு காம்பவுண்ட் மைக்ரோஸ்கோப்ல தான் பாக்கணும். நைலாண்டீரியாவுக்கு தாராளமா வாங்கலாம். ஆண் எறும்பு வருஷம் பூரா கெடைக்காது, கண்ணுல பட்டா உடனே எத்தனால்ல போட்டு வெச்சிடுங்க, லென்ஸ் பொறுமையா வந்து சேரட்டும்.