அடாப்டர் வழியே பழைய லென்ஸ்கள்: மூன்றாண்டு ஆட்டோஃபோகஸ் அனுபவம்

உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி கொண்ட டிஎஸ்எல்ஆர் கேமராவை விட்டு, அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறியபோது, பல ஆண்டுகள் பழகிய லென்ஸ்களை விற்க எனக்கு மனம் வரவில்லை. கேனான் டிஎஸ்எல்ஆருக்கான இ.எஃப். மவுண்ட் (லென்ஸைக் கேமராவில் பொருத்தும் அமைப்பு) லென்ஸ்கள் சிலவற்றை, மிரர்லெஸுக்கான ஆர்.எஃப். மவுண்ட் கொண்ட கேனான் கேமரா பாடியில் அடாப்டர் மூலம் பொருத்தி மூன்றாண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஆட்டோஃபோகஸ் தடுமாறும்போது முதலில் பழி சுமப்பது அடாப்டர்தான். என் அனுபவத்தில் பெரும்பாலும் காரணம் லென்ஸுக்குள் இருக்கும் மோட்டார்.

இ.எஃப். மவுண்டில் லென்ஸ் பொருந்தும் விளிம்புக்கும் சென்சாருக்கும் இடையே 44 மி.மீ. தொலைவு வேண்டும், ஆர்.எஃப். மவுண்டில் அது 20 மி.மீ. மட்டுமே. மீதி 24 மி.மீ. இடைவெளியை நிரப்பும் வளையமே அடாப்டர். அதில் லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லை. 1987இல் அறிமுகமான நாள் முதலே இ.எஃப். மவுண்டில் ஃபோகஸ், அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) இரண்டும் மின்தொடர்பு வழியாகவே இயங்குவதால், அடாப்டர் அந்தத் தொடர்பை அப்படியே கடத்திவிட்டால் போதும்.

எனக்குப் பெரிய மகிழ்ச்சி தந்தது, 1992இல் வெளிவந்த 85 மி.மீ. எஃப்/1.8 யு.எஸ்.எம். (மீயொலி மோட்டார்) லென்ஸ். டிஎஸ்எல்ஆரில் எஃப்/1.8 என்று துளையை அகலத் திறந்து முகத்தைப் படமெடுத்தால், கண்ணில் குறிவைத்த ஃபோகஸ் பல வேளைகளில் காது மடலிலோ மூக்கு நுனியிலோ போய் நிற்கும். அங்கே ஃபோகஸை அளப்பது பிரதிபலிப்புக் கண்ணாடிக்குக் கீழே உள்ள தனிச் சென்சார். படம் பதிவாவதோ வேறு சென்சாரில். இரு பாதைகளுக்கும் இடையே மயிரிழை வேறுபாடு இருந்தாலும் கூர்மை முன்னோ பின்னோ நகர்ந்துவிடும். அதைச் சரிசெய்ய ஒவ்வொரு லென்ஸுக்கும் நுண்திருத்த எண்களைத் தேடி நான் செலவிட்ட மாலைகள் பல. மிரர்லெஸில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் அளப்பதால் அந்த வேலையே ஒழிந்தது. கண்ணைக் கண்டறியும் வசதியும் சேர்ந்துகொள்ள, சன்னல் ஓரம் திரும்பி அமர்ந்திருப்பவரின் இமை முடிகள் ஒவ்வொன்றாகத் தெரியும் படங்களை இப்போது நம்பிக்கையோடு எடுக்கிறேன்.

வேறொரு நிறுவனத்தின் 50 மி.மீ. லென்ஸில் கதை வேறு. அதில் இருப்பது பல்சக்கரங்களைச் சுழற்றும் சாதாரண மின்மோட்டார். "இவ்வளவு தூரம் நகர்" என்று டிஎஸ்எல்ஆர் கணக்கிட்டுச் சொன்னால் ஒரே ஓட்டத்தில் போய் நிற்கும்படி அமைந்தது அது. சென்சார் இடைவிடாது கேட்கும் சிறுசிறு திருத்தங்களுக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. மங்கிய ஒளியில் முன்னும் பின்னும் ஓடித் தேடுகிறது, காணொளியில் அதன் கிரீச்சொலி பேச்சோடு சேர்ந்தே பதிவாகிறது. நகராத பொருள்களுக்கு மட்டும் குறையில்லை.

அடாப்டரே காரணமாக இருந்த நிகழ்வும் ஒன்று உண்டு. மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய ஓர் அடாப்டரில் லென்ஸ் இலேசாக ஆடியது. கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் தொடர்பு அறுந்து அபெர்ச்சர் எண் திரையிலிருந்து மறைந்துவிடும். பொன்னிறத் தொடர்புமுனைகளை உலர்ந்த மென்துணியால் துடைத்தும் பலனில்லை. இறுக்கமாகப் பொருந்தும் வேறொன்றை வாங்கிய பிறகு அந்தத் தொல்லை திரும்பவில்லை.

மற்ற மவுண்ட்களில் வாங்குமுன் விசாரிப்பது மிக அவசியம். நிக்கானின் எஃப்.டி.இசட். அடாப்டரில் மோட்டார் கிடையாது. எனவே பாடியின் மோட்டாரை நம்பியிருந்த ஏ.எஃப்.-டி வகை லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். சோனியின் எல்.ஏ.-இ.ஏ.5 அடாப்டரில் மோட்டார் இருந்தாலும், குறிப்பிட்ட சில பாடிகளில் மட்டுமே அது அத்தகைய லென்ஸ்களை இயக்கும்.

85 மி.மீ. லென்ஸை மாற்றும் எண்ணம் எனக்கு அறவே இல்லை. 50 மி.மீ. லென்ஸில் ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, விளிம்புகளை வண்ணத்தில் காட்டும் பீக்கிங் வசதியின் துணையுடன் கையாலேயே ஃபோகஸ் செய்கிறேன்.