கொழுஞ்சியா அவுரியா: 10 மடங்கு மடக்கு லென்ஸ் எவ்வளவு உதவும்?

நகைக்கடையில் வைரம் பார்க்கக் கண்ணோடு ஒட்டிப் பிடிப்பார்களே, அதே மடக்கு லென்ஸ்தான். 10 மடங்கு, 21 மி.மீ. விட்டம், மூன்று கண்ணாடி ஒட்டியது. தலைச்சாயத்துக்கு அவுரி பறிக்கப் போய்க் கொழுஞ்சியோடு திரும்புவது எளிது. இரண்டும் அவரைக் குடும்பம், இரண்டும் தரிசில் வளரும் பல்லாண்டுக் குத்துச்செடி, ஒரே காம்பில் பல சிற்றிலைகள் வரிசையாக நிற்கும் கூட்டிலையும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும்.

பாதி வேலைக்கு லென்ஸே வேண்டாம். பச்சையான சிற்றிலையின் நுனியைப் பிடித்து மெல்ல இழுங்கள். கொழுஞ்சி பக்க நரம்பு வழியே 'V' வடிவில் கிழியும். அவுரி அப்படிக் கிழியாது. வாடிய இலையில் இந்தச் சோதனை ஏமாற்றும். பூங்கொத்தும் காட்டிக்கொடுக்கும்: அவுரிக்கு இலைக் கக்கத்திலிருந்து (இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கு) வரும், இலையைவிடக் குட்டை. கொழுஞ்சிக்கு இலைக்கு எதிர்ப்பக்கத்திலோ கிளை நுனியிலோ நீளமாக நிற்கும். காய் என்றால் கொழுஞ்சி தட்டை, அவுரி மெல்லிய உருளை.

பூவும் காயும் இல்லாத நாளில்தான் லென்ஸுக்கு வேலை. சிற்றிலையின் அடிப்பக்கத்து முடியைப் பாருங்கள். அவுரி முடி நடுவில் ஒட்டிக்கொண்டு, இரு முனையும் கூராக, இலையோடு படிந்து கிடக்கும். கொழுஞ்சி முடிக்கு ஒரு முனைதான் கூர், மறுமுனை இலையில் ஊன்றியிருக்கும். 10 மடங்கில் இது தெரியும், ஆனால் மட்டுமட்டாகத்தான். வெயில் பக்கவாட்டில் விழும்படி இலையைச் சாய்க்க வேண்டும்.

தெரியவில்லை என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் லென்ஸை இலைப்பக்கம் பிடித்துக்கொண்டு தலையைத் தள்ளி வைக்கிறார்கள். லென்ஸ் கண்ணுக்கு மிக அருகில் இருக்க வேண்டும். இலையைத்தான் 2.5 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும். கை நடுங்கினால் லென்ஸ் பிடித்த கையைக் கன்னத்தில் ஊன்றுங்கள்.

30, 60 மடங்கு என்று அச்சிட்ட மலிவு லென்ஸ் பக்கம் போகாதீர்கள். உண்மையாகவே 30 மடங்கு என்றால் இலையை 8 மி.மீ. தூரத்தில் பிடிக்க வேண்டும். வெளிச்சம் மறையும், மூக்கு இடிக்கும். ஒற்றைக் கண்ணாடி வகையில் ஓரமெல்லாம் வானவில். லென்ஸோடு வரும் எல்இடி விளக்கும் வீண். ஒளி நேராக விழுவதால் முடியின் நிழல் அழிந்து, இலை வழவழவென்று தெரியும். அணைத்துவிடுங்கள்.

ஒரு குறை லென்ஸின் மேல் இல்லை, செடியின் மேல்: நடுவில் ஒட்டிய முடி அவுரியின் உறவுச் செடிகளுக்கும் உண்டு. ஆகவே முடியைப் பார்த்து 'இது கொழுஞ்சி இல்லை' என்று சொல்லலாம். சாய அவுரிதான் என்று உறுதிசெய்யப் பூவும் காயும் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

லென்ஸுக்கு 5க்கு 4 தரலாம். கடையில் விற்கும் அவுரிப் பொடியைச் சோதிக்க மட்டும்தான் என்றால் இந்த லென்ஸை வாங்காதீர்கள். பொடியில் முடியெல்லாம் நொறுங்கியிருக்கும், அதற்கு நுண்ணோக்கிதான் வழி.