எண்ணெயா, அரக்கா, வார்னிஷா: மரவில்லுக்கு எதைப் பூசுவது?

மூன்று வருடங்களுக்கு முன் ஹிக்கரி என்ற அமெரிக்க மரப் பலகை ஒன்றை இழைத்து வில் செய்தேன். கடைசியில் ‘டபுள் பாயில்டு’ ஆளிவிதை எண்ணெயை மூன்று கோட் தேய்த்தேன். மரத்தின் ரேகைகள் எழுந்து நின்ற அழகில் எனக்கே கர்வம் தாங்கவில்லை. மழைக்காலம் முழுக்க அதில்தான் பயிற்சி. மழை ஓய்ந்தபின் ஒருநாள் நாணை அவிழ்த்தால் வில் நிமிரவில்லை. வில்லின் இரண்டு கைகளும், அதாவது பிடிக்கு மேலும் கீழும் உள்ள பகுதிகள், ஓர் அங்குலத்துக்கு மேல் என் பக்கம் வளைந்தே நின்றன. அம்பும் முன்போலப் பாயாமல் சோம்பலாகப் போனது. ஒருநாள்கூட வில்லை மழையில் நனைக்கவில்லையே என்று குழம்பினேன். காற்றிலிருந்த ஈரமே போதுமானதாக இருந்திருக்கிறது.

காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால், மரம் தன் உலர்ந்த எடையில் 9 சதவீதம் அளவுக்கு நீரை வைத்துக்கொண்டு நிலைகொள்ளும். காற்று 80-க்கு ஏறினால் மரம் 16-ஐத் தொடும். பெரும்பாலான மரவில்லுக்கு உகந்தது 8 முதல் 10 வரை. ஹிக்கரி இன்னும் சற்றுக் காய்ந்திருந்தால்தான் துள்ளும். வில்லை வளைக்கும்போது இலக்கைப் பார்க்கும் முதுகுப் பக்கம் இழுபடுகிறது, நம்மைப் பார்க்கும் வயிற்றுப் பக்கம் அமுங்குகிறது. ஈரம் ஏறிய மரம் இழுப்பைக்கூட ஓரளவு தாங்கிவிடும். அமுக்கத்தைத் தாங்கும் வலுதான் வெகுவாகக் குறையும். வயிற்று நார்கள் நசுங்கியபடியே தங்கிவிடும், வில் கூன் போட்டுவிடும். அளவுக்கு மீறிக் காய்ந்தாலோ முதுகு படீரென்று முறியும். கூனாவது பரவாயில்லை, முறிந்தால் முகத்துக்குத்தான் ஆபத்து.

ஆகவே பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது நான் இப்போது இரண்டே கேள்விகள் கேட்கிறேன். காற்றின் ஈரத்தை எத்தனை நாள் தாமதப்படுத்தும்? வில்லோடு சேர்ந்து வளையுமா? பளபளப்பு, நிறம் எல்லாம் பிறகு. ‘தாமதப்படுத்தும்’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எந்தப் பூச்சும் ஈரத்தை முற்றாக நிறுத்துவதில்லை.

எண்ணெயின் பக்கம் பேசுவோர் அதிகம், நானும் அதில் ஒருவனாக இருந்தவன். பிரஷ் வேண்டாம், வழிந்த தடம் விழாது, கீறல் பட்டால் அந்த இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் தேய்த்தால் போதும். பூச்சுக்குப் புதியவர்கள் கெடுக்க முடியாத முறை இதுதான். ஆனால் அமெரிக்க அரசின் மரப்பொருள் ஆய்வுக்கூடம் (விஸ்கான்சின் மாநிலம், மாடிசன் நகரில் இருக்கிறது) பல பூச்சுகளை வைத்துச் செய்த சோதனையைப் பார்த்தபோது என் நம்பிக்கை ஆட்டம் கண்டது. 30 சதவீத ஈரப்பதக் காற்றில் பழக்கிய மரத்துண்டுகளைப் பூசி, 90 சதவீதக் காற்றில் வைத்தார்கள். ஆளிவிதை எண்ணெய் மூன்று கோட் போட்ட துண்டு, 14 நாளில் பூச்சே இல்லாத துண்டு குடித்த அளவு ஈரத்தைக் குடித்துவிட்டது. டங் மரக்கொட்டையின் எண்ணெயும் ஏறக்குறைய அதே கதைதான். திடீர் தூறலில் நீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவதைப் பார்த்து நாம் ஏமாறுகிறோம். நீர்த்துளி வேறு, நீராவி வேறு.

கடையில் எண்ணெய் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாயில்டு என்று எழுதியிருந்தாலும் அது கொதிக்கவைத்த எண்ணெய் அல்ல, சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் கலந்தது. கலப்பில்லாத ஆளிவிதை எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும். அடுப்படியில் இருக்கும் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் காயவே காயாது, தூசியை இழுத்துப் பிசுபிசுவென்று கிடக்கும். இன்னொன்று விளையாட்டல்ல: ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் அமுக்கி வையுங்கள்.

எண்ணெயின் அழகும் வேண்டும், படலமும் வேண்டும் என்பவர்களுக்காக நடுவில் ஒரு வழி உண்டு. துப்பாக்கிக் கட்டைகளுக்காக வந்த ட்ரூ-ஆயில் போன்றவை, முன்பே பாதி இறுகிய ஆளிவிதை எண்ணெயுடன் வேறு சில சேர்த்தவை. விரலால் மெல்லியதாக இழுத்துவிட்டால் சில மணி நேரத்தில் காயும், ஒவ்வொரு கோட்டும் மேலே மேலே படலமாக ஏறும். எட்டு, பத்து கோட் போடுகிறவர்கள் உண்டு. வில்லின் பிடிக்கு இதைவிடக் கைக்கு இதமான பூச்சை நான் தொட்டதில்லை. ஈரத்தடுப்பில் சாதா எண்ணெயைவிட மேல், நல்ல வார்னிஷைவிடக் கீழ். திறந்த பாட்டிலில் மேலே ஆடை கட்டி வீணாவதுதான் எரிச்சல். தலைகீழாக வைத்தால் ஓரளவு தப்பும்.

மெழுகைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஆங்கிலேய நெடுவில் ரசிகர்கள் விடமாட்டார்கள். இங்கிலாந்தின் மேரி ரோஸ் போர்க்கப்பல் யூ மர (நெடுவில்லுக்குப் பேர்போன ஊசியிலை மரம்) விற்களோடு மூழ்கிய அதே 1545-இல்தான் ஆங்கில அறிஞர் ரோஜர் ஆஸ்கம் வில்வித்தை நூலை வெளியிட்டார். மெழுகேற்றிய கம்பளித் துணியால் வில்லைத் தினமும் மின்னும்வரை தேய்க்கச் சொல்கிறார் அதில். ‘தினமும்’ என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. மேலே நான் சொன்ன சோதனையில் உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கியெடுத்த துண்டு 95 சதவீத ஈரத்தைத் தடுத்து எல்லோரையும் மிஞ்சியது. ஆனால் ஆறடி வில்லைக் கொதிக்கும் மெழுகில் யார் முக்குவது? டப்பாவில் வரும் மேஜை மெழுகைத் துணியால் தேய்ப்பது கிட்டத்தட்ட எதையும் தடுப்பதில்லை. மேல்மினுக்குக்கு நல்லது, அவ்வளவே. அதையும் கடைசியில்தான் தேய்க்க வேண்டும். மெழுகு தேய்த்த மரத்தில் வேறு எந்தப் பூச்சும் ஒட்டாது.

அரக்கு நம் ஊர்த் தச்சருக்குப் புதிதல்ல. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் பலாச மரத்திலும் இலந்தையிலும் அரக்குப் பூச்சி விட்டுச்செல்லும் பிசின்தான் ஷெல்லாக். செதிலாக வாங்கி ஸ்பிரிட்டில் கரைத்தால் பாலிஷ். அரைமணியில் காயும், ஒரே நாளில் ஐந்தாறு கோட் முடித்துவிடலாம். நீராவியைத் தடுப்பதில் எண்ணெய்களைத் தூக்கிச் சாப்பிடும். ஆனால் தண்ணீர் தேங்கினால் வெள்ளை பூக்கும், வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்தால் இளகும், தடித்துப் போட்டால் வளைவில் நொறுங்கும். கரைத்து வைத்த அரக்கு ஓராண்டைத் தாண்டினால் சரியாகக் காயாது, ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுப் பாருங்கள். எல்லாப் பூச்சுக்கும் அடிக்கோட்டாக இது அற்புதம், முக்கியமாக இப்பே என்ற தென்னமெரிக்க மரம் போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரங்களில். அந்த மரங்களின் சாறு எண்ணெய்வகை வார்னிஷைக் காயவிடாது. இடையில் அரக்கு இருந்தால் சிக்கல் தீரும். மெழுகு நீக்கிய அரக்காக மட்டும் இருக்கட்டும், இல்லாவிட்டால் மேலே போடும் பாலியூரித்தேன் (செயற்கைப் பிசின் வார்னிஷ்) உரிந்து வரும்.

வார்னிஷ் என்றாலே ‘பிளாஸ்டிக் உறை போட்ட மாதிரி’ என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. தடிமனாக அடித்த பாலியூரித்தேன் அப்படித்தான் இருக்கும். வளைவு அதிகமான இடத்தில் குறுக்கே மயிரிழை விரிசலும் காட்டும். மரம்தான் விரிசல் விட்டதோ என்று வயிற்றைக் கலக்கும். வில்லின் கை நுனிகளில் ஏறும் வீண் எடை அம்பின் வேகத்தையும் தின்னும். ஆனால் இவை தடிமனின் குற்றங்கள். பாய்மரக் கப்பலின் கம்பங்கள் காற்றில் வளைந்து நிமிரும் என்பதால், பிசினைக் குறைத்து எண்ணெயைக் கூட்டி மிருதுவாகச் செய்ததுதான் ஸ்பார் வார்னிஷ். நாளெல்லாம் வளைந்து நிமிர்வதே தொழிலான வில்லுக்கும் அதே குணம்தான் வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கும் பெரும்பாலும் அதில் கலந்திருக்கும். பொன்மஞ்சளான ஆசேஜ் ஆரஞ்சு என்ற அமெரிக்க வில்மரம் பழுப்பாவதை அது தள்ளிப்போடும், நிறுத்தாது. வேட்டைக்குப் போகிறவர்கள் மினுக்கமில்லாத வகையை வாங்குகிறார்கள், வெயில் பட்டு வில் மின்னினால் மான் நிற்குமா?

என் தேர்வு இப்போது இதுதான்: ஹிக்கரி, மூங்கில் போன்ற ஈரம் குடிக்கும் சரக்குக்கும் கடலோர ஊர்களுக்கும் இரண்டு கோட் அரக்கு, மேலே டர்ப்பன்டைன் கலந்து நீர்க்கவைத்த ஸ்பார் வார்னிஷ் நான்கு கோட், எல்லாம் துணியால். ஆசேஜ் ஆரஞ்சின் வைரக்கட்டை ஈரத்தை மெதுவாகத்தான் எடுக்கும், அதற்கு ட்ரூ-ஆயிலே போதும். வெறும் ஆளிவிதை எண்ணெயை இனி கோடரிக் காம்புக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

எதைப் பூசினாலும் முதலில் வில்லை நிறுத்துப் பாருங்கள். அடுப்படித் தராசு போதும். வறண்ட அறையில் வைத்து நாளுக்கொரு முறை எடை எழுதுங்கள். நான்கைந்து நாள் எடை மாறாமல் நின்றபின்தான் பூச்சு. ஈரமான வில்லுக்கு வார்னிஷ் அடித்தால், உள்ளே இருக்கும் ஈரத்தைப் பூட்டி வைத்ததாகிவிடும். வயிற்றைத் தீயில் வாட்டிய வில் என்றால் கதை நேர்மாறு, இழந்த ஈரம் திரும்ப அதைச் சில நாள் சும்மா விட வேண்டும்.

வளைவு சரிபார்த்து முடித்து, இனி ஒரு சீவல்கூட எடுக்கப்போவதில்லை என்று உறுதியானபின் 220 உப்புத்தாளால் தேயுங்கள். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் படுத்திருந்த நார்கள் எழும். காய்ந்ததும் 320-ஆல் அவற்றை நீவி எடுங்கள். விலங்கின் தசைநாரைத் தோல்பசையால் முதுகில் ஒட்டிய வில்லில் ஈரத்துணி கூடாது, பசை இளகும். நாண் மாட்டும் வெட்டுகளிலும் நுனிகளிலும் மரத்தின் குறுக்கு முகம் தெரியும். ஈரம் அதிவேகமாக நுழையும் வாசல் அதுதான், அங்கே இரண்டு கோட் கூடுதல். பிடியில் தோல் சுற்றுவதாக இருந்தால் அதற்கடியிலும் பூசுங்கள், வியர்வை அங்கேதான் ஊறும். வார்னிஷ் கோட்டுகளுக்கு நடுவே ஒருநாள் இடைவெளி, பஞ்சுபோன்ற மென்மையான எஃகு நாரால் லேசாக ஒரு தேய்ப்பு. கடைசிக் கோட் முடிந்து ஒரு வாரமாவது நாண் ஏற்ற வேண்டாம். நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிறது என்றால் இன்னும் இறுகவில்லை.

அந்தப் பழைய ஹிக்கரியைச் சுரண்டி, மூன்று வாரம் காயவிட்டு, மறுபடி பூசினேன். அம்பு முன்னைவிட விசையாகப் போகிறது. நசுங்கிய நார் நசுங்கியதுதான், கூன் இன்னும் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் அதைப் பார்த்து, “அண்ணா, இது அப்படியே செஞ்சதா?” என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.