ஆப்ட்-கேச்சர்-என்ஜி: ஒருமுறை இறக்கினால் போதும்

திருகோணமலை உப்புவெளியில் உள்ள எங்கள் சிறிய அலுவலகத்தில் ஒரே கணினிக்குள் டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளம் கொண்ட ஆறு மெய்நிகர் வழங்கிகள் (சர்வர்கள்) இயங்குகின்றன. ஒவ்வொன்றும் அதே மென்பொருள் பொதிகளைத் தனித்தனியே இணையத்திலிருந்து இறக்கியதால், மாத இறுதிக்கு முன்பே டேட்டா தீர்ந்துவிடும். இதற்காகவே ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்னும் இலவச மென்பொருளை நிறுவினோம். அது 3142ஆம் போர்ட்டில் காத்திருக்கும்; மற்ற வழங்கிகளில், பொதிகளை இறக்கி நிறுவும் கருவியான ஆப்ட்டின் அமைப்பில் அந்த முகவரியைப் பிராக்சியாக (இடைநிலை வழங்கியாக) ஒரே வரியில் குறித்துவிட்டால், முதல் வழங்கி கேட்ட பொதி வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்தவை கேட்கும்போது உள் வலையமைப்பிலிருந்தே வழங்கப்படுகிறது. பொதிப் பட்டியலின் கையொப்பத்தை ஒவ்வொரு வழங்கியும் தானே சரிபார்ப்பதால், இடையில் பிராக்சி நிற்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

குறையும் உண்டு. எச்டிடிபிஎஸ் (குறியாக்கப்பட்ட இணைப்பு) முகவரியுள்ள களஞ்சியங்களின், அதாவது பொதிகளை வழங்கும் தளங்களின், பொதிகளை, குறியாக்கம் காரணமாக, இது தானாகச் சேமிப்பதில்லை. அத்தகைய இணைப்புகள் இயல்பு அமைப்பில் மறுக்கப்படுவதை அறியாமல், வெளிக் களஞ்சியம் ஒன்றைச் சேர்த்த அன்று அரை நாளை வீணாக்கினேன். பாஸ்த்ரூபேட்டர்ன் என்ற அமைப்பில் அனுமதித்தால் இணைப்பு கிடைக்கும், சேமிப்பு கிடைக்காது. உலாவியில் திறக்கும் அறிக்கைப் பக்கம் அழகற்றதுதான். ஆனாலும் எவ்வளவு டேட்டாவை மிச்சப்படுத்தினோம் என்பதை உடனே காட்டுகிறது. பிராக்சி வழங்கி நின்றால் மற்றவற்றின் புதுப்பிப்பும் நின்றுவிடும் என்பதால், அதை முதலில் தொடங்குமாறு அமைத்திருக்கிறோம்.