மாணவர் படத்துக்கு இசை: சினிமாப் பாட்டா, இலவச இசையா, நண்பனின் கஞ்சிராவா?

கடைசி வருட விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) புராஜெக்டாகத் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 12 நிமிட ஆவணப்படம் எடுத்தோம். படப்பிடிப்பு ஐந்தே நாள். எந்த இசையைப் போடுவது என்று சண்டை போட்டது அதைவிட அதிக நாள். இப்போது ஜூனியர்கள் அதே கேள்வியோடு வருவதால் எழுதி வைக்கிறேன். நான் எந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: தெரிந்தவர்களை வாசிக்க வைத்து நாமே பதிவு செய்வது, கையோடு எழுதி வாங்கிக்கொள்வது.

முதல் எடிட்டில் நாங்களும் எல்லாரையும் போல சினிமாப் பாட்டைத்தான் போட்டோம். ஒரு படத்தில் வந்த பாரதியார் பாட்டு. "பாரதி பாட்டு பொதுச்சொத்துடா, யார் கேட்கப் போறாங்க?" என்றான் எடிட்டர் நண்பன். பாதி சரி. பாரதியின் எழுத்துரிமை 1949-இலேயே அரசின் கைக்கு வந்து, பிறகு மக்களுக்கே பொதுவானது. ஆனால் ஒரு பாட்டுக்குள் மூன்று சொத்து இருக்கிறது: வரி, மெட்டு, ஒலிப்பதிவு. வரி பாரதியுடையது. மெட்டு இசையமைப்பாளருடையது, அவர் இறந்து 60 ஆண்டு வரை அதற்குக் காப்பு உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஆக, நாங்கள் எடுத்ததில் ஒன்றுதான் பொது, மற்ற இரண்டும் அடுத்தவர் வீட்டுப் பொருள். படத்தை இணையத்தில் ஏற்றிய அன்றே உரிமைக் கோரல் அறிவிப்பு வந்து நின்றது.

"பத்து விநாடிக்குள் இருந்தால் கேஸ் கிடையாது" என்று ஹாஸ்டலில் ஒரு சட்டம் உலவுகிறது. அப்படி ஒரு கணக்கு இந்தியச் சட்டத்திலும் இல்லை, அமெரிக்கச் சட்டத்திலும் இல்லை. 'உரிமை மீறும் நோக்கமில்லை' என்று கார்டு போடுவதும் அப்படித்தான், அதனால் அனுமதி கிடைத்துவிடாது. 'ஃபேர் யூஸ்' (நியாயமான பயன்பாடு) என்று நாம் சொல்லிக்கொண்டு திரிவது அமெரிக்கச் சொல். அங்கே நான்கு அம்சங்களை நிறுத்துப் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும். இங்கே 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, எந்தெந்தக் காரியத்துக்கு விலக்கு என்று பட்டியலே போட்டிருக்கிறது: சொந்தப் படிப்பு, ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி, பாடம் நடத்துவது என்று போகும். சோகக் காட்சிக்கு அடியில் பாட்டு ஓடவிடுவதை இவற்றில் எதில் சேர்ப்பது?

கல்லூரிக்குள் நிலைமை வேறு. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கு பலருக்கு நினைவிருக்கலாம். 2012-இல் பெரிய பதிப்பகங்கள் தொடுத்த அந்த வழக்கில், பாடத்துக்குத் தேவையான பக்கங்களை நகலெடுத்துத் தொகுப்பது குற்றமல்ல என்று 2016-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் பார்க்கும்படி கல்லூரி நிகழ்ச்சியில் ஒரு பதிவை ஒலிக்கவிடவும் விலக்கு இருக்கிறது. புராஜெக்டும் பாடத்தின் பகுதிதான் என்று வாதாட இடமுண்டு. மதிப்பெண் வாங்கிக்கொண்டு படத்தைப் பீரோவில் பூட்டிவைக்கப் போகிறீர்கள் என்றால் சினிமாப் பாட்டே போதும், மீதியைப் படிக்க வேண்டாம்.

எங்களுக்குப் பூட்டிவைக்க மனமில்லை. ஒரு திரைப்பட விழாவுக்கு அனுப்பப் போனால், விண்ணப்பத்தில் "படத்திலுள்ள எல்லா இசைக்கும் அனுமதி உண்டா? ஆவணத்தை இணைக்கவும்" என்று ஒரு கட்டம். இந்தக் கட்டத்தை வைத்துத்தான் மற்ற வழிகளையும் பார்க்க ஆரம்பித்தோம்.

அடுத்தது இலவச இசை. யூடியூப் ஆடியோ லைப்ரரியில் சுலபமாகக் கிடைக்கிறது. சிலவற்றுக்குப் பெயர் போட வேண்டும், சிலவற்றுக்கு வேண்டாம். என்ன, உப்பளத்து வெயிலுக்குக் கீழே காபி விளம்பர கிடார் கேட்கும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது படைத்தவரே சில நிபந்தனைகளோடு எல்லாருக்கும் முன்கூட்டியே அனுமதி தந்துவிடும் உரிமத்தில், நல்ல இசை நிறைய இருக்கிறது, ஆனால் நிபந்தனையைச் சொல்லிக் கூடவே வரும் எழுத்துகளைப் பார்க்காமல் எடுக்கக் கூடாது. 'பை' (BY) மட்டும் என்றால் பெயர், உரிமம், எங்கிருந்து எடுத்தது, என்ன மாற்றினோம் என்பதைச் சொன்னால் போதும். 'என்டி' (ND) இருந்தால் மாற்றிப் பகிரக் கூடாது. அசையும் படத்தோடு இசையைப் பொருத்துவதே மாற்றம்தான் என்று அந்த உரிமமே சொல்கிறது. அதாவது நீங்கள் ஒரு நொடிகூட வெட்டாவிட்டாலும் படத்துக்கு ஆகாது. 'எஸ்ஏ' (SA) இருந்தால் உங்கள் படத்தையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். 'என்சி' (NC) என்றால் வணிகம் கூடாது. பரிசுப் பணம் தரும் விழா அதில் சேருமா என்று எங்களுக்குள் முடிவே வரவில்லை, அதனால் தொடவில்லை.

கடைசியில் செய்தது இது. பாரதியின் அதே வரிகளுக்கு வகுப்புத் தோழி புது மெட்டுப் போட்டுப் பாடினாள். இன்னொருவன் கஞ்சிரா. ஹாஸ்டல் அறை ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்கப் பதிவு செய்தோம். செலவு பரோட்டாவோடு முடிந்தது. தரம் ஸ்டுடியோ தரம் இல்லைதான், ஓரிடத்தில் மோட்டார் சத்தம்கூடக் கேட்கிறது.

ஆனால் இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது, நாங்கள் கிட்டத்தட்ட மாட்டினோம். நண்பர்கள்தானே என்று வாய்ப்பேச்சோடு விட்டால் விழாக் கட்டத்தில் இணைக்க ஒன்றும் இருக்காது. உரிமத்தை எழுத்தில்தான் தர வேண்டும் என்கிறது சட்டம். சரி என்று நான் இரண்டே வரியில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். பார்த்த சீனியர் ஒருவர், வழக்கறிஞர், தலையில் அடித்துக்கொண்டார். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இணையத்தில் ஏற்றும் படத்துக்கு இந்தியா மட்டும் என்றால் என்ன அர்த்தம்? மறுபடி எழுதினோம்: உரிமைக்காலம் முழுவதும், உலகம் முழுவதும், இந்தப் படத்துக்கும் அதன் முன்னோட்டத்துக்கும் மட்டும், பணம் இல்லை, பெயர் கட்டாயம் வரும். மெட்டுக்கு ஒரு தாள், பாடியதற்கும் வாசித்ததற்கும் தனித்தனித் தாள். மெட்டு தோழியுடையதாகவே இருக்கிறது. நாளைக்கு அவள் அதை வேறெங்கும் பாடலாம்.

மாதச் சந்தா கட்டும் இசைத் தளங்களையும் ஏஐ போட்டுத் தரும் இசையையும் நான் பயன்படுத்தியதில்லை, அதனால் அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

படத்தின் தொடக்கத்தில் உப்பு வாரும் அக்கா ஒருவர் முணுமுணுக்கும் பாட்டு வரும். ஊர்ப்பாட்டு, வரிக்குச் சொந்தக்காரர் யாருமில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு, பாடியவர் என்ற முறையில், நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று இருப்பது எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது. தாளோடு மறுபடி பஸ் ஏறினோம். அவர் முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "உலகம் முழுசும்னு எழுதியிருக்கீகளே தம்பி, அப்ப துபாய்ல எந்தங்கச்சி பாக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே பேனாவை வாங்கினார்.