"மக்கா, குழி": ஹெல்மெட் இன்டர்காமோடு இரண்டு வருடம்

போன வாரம் தக்கலையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் கேட்டான். "அண்ணே, நீங்க மாட்டியிருக்க இன்டர்காம் செட் இப்போ விலை குறைஞ்சிருக்கு. வாங்கலாமா?" ஹெல்மெட்டில் மைக்கும் ஸ்பீக்கரும் மாட்டி, ஓடும் பைக்கிலிருந்தே இன்னொரு பைக்காரனோடு பேச உதவும் கருவி அது. நின்ற இடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். அந்தக் கணக்கில் நான்கு மழைக்காலம் பார்த்த செட் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பாட்டு கேட்பது, போன் எடுப்பது, வழி கேட்பது எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நான் வாங்கியது அதற்காக இல்லை. நானும் என் கூட்டுக்காரனும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர்கோவிலிலிருந்து கிளம்பி பேச்சிப்பாறை, முட்டம், மாத்தூர் தொட்டிப்பாலம் என்று சுற்றுகிறவர்கள். வண்டிக்கு வண்டி பேச வேண்டும், அவ்வளவுதான் தேவை.

என் கோபம் முழுவதும் ஒரே விஷயத்தில்தான். இந்தச் செட் முதல் சொல்லைத் தின்றுவிடுகிறது.

நாம் பேசாமல் இருக்கும்போது மைக்கை மூடி வைத்து, குரல் வந்ததும் திறந்துவிடும் ஏற்பாடு ஒன்று இதில் இருக்கிறது. காற்றிரைச்சல் சும்மா சும்மா காதில் விழாமல் இருக்க அது வேண்டும்தான். ஆனால் குரலைக் கண்டுபிடித்து மைக் திறப்பதற்குள் முதல் சொல் போய்விடும். "டீ குடிப்போமா" என்பது "குடிப்போமா" என்று வந்தால் நஷ்டமில்லை. வண்டி ஓட்டும்போது அவசரமாகச் சொல்கிற எதிலும் முதல் சொல்தான் விஷயமே.

முதல் வருட ஆடி மாதம். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற வழி. இரண்டு பக்கமும் ரப்பர் மரம், இரவெல்லாம் பெய்த மழை. கூட்டுக்காரன் முன்னால் போகிறான். "குழி இருக்கு" என்று அவன் சொன்னது என் காதில் "இருக்கு" என்று மட்டும் விழுந்தது. வழக்கமாக நாங்கள் நிற்கும் டீக்கடை திறந்திருக்கிறது என்று சொல்கிறான் போல என்று நினைத்துக்கொண்டு அதே வேகத்தில் வந்தேன். தண்ணீர் நிறைந்த குழி. பார்த்தால் சாதாரண ஈர ரோடு மாதிரித்தான் தெரிந்தது. முன் சக்கரம் இறங்கிய சத்தம் அவனுக்கு இன்டர்காமில் கேட்டிருக்கிறது. நான் விழவில்லை. ரிம் நெளிந்தது, மணிக்கட்டில் ஒரு வாரம் வலி. அவன் சொல்லாமல் விட்டிருந்தால் வருத்தமில்லை. சொல்லியும் வந்து சேரவில்லை என்பதுதான் இன்றுவரை ஆறவில்லை.

சரி, மைக் திறக்கும் அளவை மாற்றினால் போயிற்று என்று செட்டிங்கில் போய் லேசான குரலுக்கும் திறக்கும்படி வைத்தேன். அடுத்த வாரம் காவல்கிணறு பக்கம் போனோம். ஆரல்வாய்மொழி கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று எப்படி அடிக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றுக்காகத்தான். அந்த இரைச்சலையே குரல் என்று நினைத்து மைக் திறந்தே கிடந்தது. அளவைக் கூட்டினால் சொல் போகிறது, குறைத்தால் காற்று வருகிறது. ஆறு மாதம் இப்படியே மல்லுக்கட்டினேன்.

கடைசியில் பலன் கொடுத்தவை சின்னச் சின்ன வேலைகள். மைக் உதட்டின் ஓரத்தைக் கிட்டத்தட்ட தொடும்படி இருக்க வேண்டும். ஒரு விரல் தள்ளினாலும் குரல் பாதியாகிறது. மைக்கின் ஒரு பக்கத்தில் சின்ன அடையாளம் இருக்கும், அந்தப் பக்கம்தான் வாயைப் பார்க்க வேண்டும். நான் முதல் நான்கு மாதம் அதைத் திருப்பி மாட்டியிருந்தேன். மேலே போடும் பஞ்சு உறை பிய்ந்தால் உடனே மாற்றிவிட வேண்டும். ஹெல்மெட்டின் தாடைக்குக் கீழே ஒரு துணித் தடுப்பு மாட்டினால் கீழிருந்து ஏறும் காற்று நின்றுவிடுகிறது. ஸ்பீக்கர் காதுக்குழிக்கு நேராக, காதைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். அப்புறம் நான் நம்பாத ஒன்று: பஞ்சு மாதிரி அமுங்கும் காதடைப்பான். அதை வைத்தால் பேச்சு இன்னும் தெளிவாகக் கேட்கிறது. காற்றிரைச்சல் அடங்கிவிடுவதால் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம், குரல் தனியாக நிற்கிறது.

இவ்வளவும் செய்தபின் திறக்கும் அளவை நடுவில் வைக்க முடிந்தது. ஆனாலும் முதல் சொல் போவது முழுக்க நிற்கவில்லை. அதற்கு வழி கண்டுபிடித்தது கூட்டுக்காரன்தான். எதைச் சொன்னாலும் முன்னால் "மக்கா" போட்டுச் சொல்ல ஆரம்பித்தான். "மக்கா, குழி." "மக்கா, லாரி." மைக் அந்த "மக்கா"வை எடுத்துக்கொண்டு குழியை எனக்கு விட்டுவிடுகிறது. நாகர்கோவில்காரன் எப்படியும் அப்படித்தான் பேச்சைத் தொடங்குவான், பழக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு எச்சரிக்கை கூடத் தவறியதில்லை.

தூரம் பற்றியும் தம்பி கேட்டான். பெட்டியில் ஆயிரம் மீட்டர் என்று போட்டிருந்தது. நாலுவழிச் சாலையில் ஆள் கண்ணுக்குத் தெரிந்தால் அதில் பாதி தூரம் கிடைக்கிறது. ரப்பர் தோட்டத்து வளைவுகளில் நூறு மீட்டரைத் தாண்டினாலே கரகரக்கும். இது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை. மேடும் மலையும் மறிக்கும், நனைந்த இலைகள் உறிஞ்சிக்கொள்ளும். இன்னொன்றை நானே கவனித்தேன். இடது வளைவைவிட வலது வளைவில்தான் அதிகம் அறுபடுகிறது. எங்கள் இரண்டு பேர் ஹெல்மெட்டிலும் கருவி இடது பக்கம். ரோடு வலது பக்கம் வளைந்தால் இரண்டு கருவிக்கும் நடுவில் எங்கள் இரண்டு பேர் தலையும் வந்துவிடுகிறது. காரணம் புரிந்தபின் எரிச்சல் பாதி குறைந்தது. வலது வளைவு தெரிந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறோம்.

போன மாதம் மைக் ஒயர் சொருகும் துளையில் பச்சையாகப் பூத்து, குரலே போகவில்லை. முட்டம், சங்குத்துறை என்று கடற்கரையிலேயே வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கண்ணாடியில் தொங்கவிட்டதன் பலன். வடசேரியில் ஒரு மொபைல் பழுதுபார்க்கும் கடைக்காரர் ஸ்பிரிட் தொட்ட சின்ன பிரஷ்ஷால் பத்து நிமிடம் தேய்த்துச் சரிசெய்தார். அந்தத் துளைக்கு ஒரு ரப்பர் மூடி வைக்கக் கம்பெனிக்கு என்ன செலவாகியிருக்கும்? இவ்வளவு விலை வாங்கிக்கொண்டு இதை விட்டது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

வாக்கிடாக்கி வாங்கிவிடலாமா என்றும் தம்பிக்கு ஒரு யோசனை. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்தியில் இயங்கும் செட்டுக்கு இந்தியாவில் லைசென்ஸ் தேவையில்லை. மற்ற அலைவரிசைகளில் பேசும் செட்டுகளை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி மாட்டிக்கொள்ளாதே என்றேன். அதோடு, பட்டனை அழுத்திக்கொண்டு பேச வேண்டும். எங்கள் மலைரோட்டில் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்க எனக்கு மனமில்லை.

தம்பியிடம் முடிவாக, "இந்தச் செட்டை வாங்காதே, மூடி வைத்த துளையும், மைக் எப்போதும் திறந்திருந்தாலும் காற்றை வடிகட்டுகிற வசதியும் உள்ளதாகப் பார்" என்று சொல்லிவிட்டேன். உடனே அவன், "அப்போ உங்க செட்டை எனக்குப் பாதி விலைக்குத் தாங்க அண்ணே" என்றான். தர முடியாது என்றேன். இந்த ஞாயிறு கோதையாறு போகிறோம். கூட்டுக்காரன் முன்னால் போவான்.